துக்கத் தலைக்குச் சாயம்

கோபம் வந்தால் ஓடெட் கத்த மாட்டாள், பாத்திரம் துலக்குவாள். மாமியார் வர்தே செத்துப்போனதற்குப் பின் வந்த குளிர்காலம் முழுக்க அவள் வீட்டுச் செம்புச் சட்டிகள் கோயில் மணிபோலப் பளபளத்தன. "வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்று அவள் புருஷன் நக்லே, துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டான். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் அந்த மனுஷனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் பிடிபடவில்லை.

எங்கள் ஊர் ஸஹ்லேயில் துக்கம் ஒரு வருஷம். பெண்களுக்குத்தான் அந்த ஒரு வருஷம். கறுப்பு உடுத்த வேண்டும், இனிப்பு தொடக் கூடாது, கல்யாணத்துக்குப் போகக் கூடாது, முடி அலங்காரக் கடைப் படி ஏறக் கூடாது. தலையில் சாயம் படாததால் நரை வகிட்டிலிருந்து கீழே இறங்கத் தொடங்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து, எந்த வீட்டில் எப்போது சாவு விழுந்தது என்று சொல்லிவிடுவார்கள். ஆண்களின் கணக்கு வேறு. துக்கம் தாடியில் இருக்கிறது, தாடி போனால் துக்கமும் போயிற்று. நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே நக்லே நாவிதரிடம் போய்த் தாடியை எடுத்து, மீசைக்கும் கறுப்பு அடித்துக்கொண்டு வந்தான். நல்ல கறுப்பு, ஈரத் தார் மாதிரி. அன்றைக்கு ஓடெட் துலக்கிய சட்டிக்குக் கைப்பிடி கழன்றது.

வர்தே நல்லவள் என்று யாராவது சொன்னால் அது பிணத்துக்குச் செய்கிற மரியாதை. வாய் நீளம், கை இறுக்கம். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தவளைக் கழுவித் துடைத்து ஊட்டியவள் ஓடெட். மாதம் ஒரு முறை சமையலறையில் நாற்காலி போட்டு, பழைய துண்டைத் தோளில் கட்டி, காதுமடலில் வாஸ்லின் தடவி, கிழவியின் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசியதும் அவள்தான். எண்பது தாண்டியும் தன் முடி தானாகவே கறுப்பு என்று ஊர் நம்ப வேண்டும், அது கிழவியின் பிடிவாதம். கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் சீறுவாள்: "காசும் கொடுத்து என் கிழட்டுத்தனத்தையும் ஊருக்குக் காட்டணுமா? நீயே பூசு. இடது பக்கம் விட்டுட்டே, குருடி!"

ஓடெட் தன் தலையை மட்டும் வீட்டில் தொட்டதில்லை. முப்பத்தைந்திலேயே நரைத்துவிட்டது. அப்போதிருந்து மாதா மாதம் பெரிய தெருவில் ஃபாதியின் கடை. வீட்டில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள், அங்கே நாற்காலியில் உட்காருபவள். வேறொருவர் தன் தலையைப் பிடித்துக் கழுவுகிற அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மாமியார் செத்ததும் அதை நிறுத்தினாள். பாசத்தால் இல்லை. ஒரு காரியத்தைச் செய்வதானால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவள். ஏழு மாதத்தில் தலையில் பாதி வெள்ளை, பாதி செம்பழுப்பு. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பெண்களை நடுவில் வெட்டி ஒட்டியது போல இருந்தது.

ஈஸ்டர் கழிந்ததும் வம்பு வந்தது. ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் அவளுக்கு வேலை. முதல் பத்து வருஷம் உள்ளே பார்ஸ்லிக் கீரை கிள்ளினாள், தட்டு கழுவினாள். பிறகு வாசலில் நின்று, வருகிறவர்களை வரவேற்று மேசைக்குக் கூட்டிப்போகும் இடத்துக்கு உயர்ந்தாள். இந்த ஊரில் புருஷன் பெயரால் வராமல் அவள் தன் காலில் நின்று வாங்கிய ஒரே இடம் அந்த வாசல்தான். கோடைப் பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி தூஃபிக் அவளைக் கூப்பிட்டார். அவர் கண் அவள் நெற்றிக்கு மேலேயே நின்றது.

"உம் ரோனி, தப்பா நினைக்காதே. துக்கம் துக்கம்தான். ஆனா பெய்ரூத்திலிருந்து சாப்பிட வர்றவன் உன் தலையைப் பார்த்தா, உள்ள யாரோ செத்துக்கிடக்காங்கன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான்."

"அப்போ?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அதைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா இந்த வருஷம் உள்ளயே இரு. பார்ஸ்லி கிள்ள ஆள் வேணும்."

அவளுக்கு மகன் ஒருவன், ரோனி. கனடாவில் இருக்கிறான். அவன் பெயரைச் சொல்லித்தான் ஊர் அவளை உம் ரோனி என்று கூப்பிடுகிறது. ரோனியின் அம்மா மறுபடியும் பார்ஸ்லி மேசைக்கா?

அன்று சாயங்காலம் நக்லேயின் அக்கா லோரிஸ் வீட்டுக்கு வந்தாள். துக்கத்துக்கு அவள்தான் காவல்காரி. எந்த வீட்டில் ரேடியோ பாடுகிறது, யார் கறுப்புக் காலுறையைக் கழற்றினார்கள் என்று நோட்டம் பார்ப்பவள். சர்க்கரை போடாத காப்பியை வைத்துவிட்டு ஓடெட் விஷயத்தைச் சொன்னாள். லோரிஸ் குதிப்பாள் என்று எதிர்பார்த்தாள். லோரிஸ் குதிக்கவில்லை.

"போட்டுக்கோயேன்" என்றாள். "யாரு வேண்டாம்னா? வீட்டுல போட்டுக்கோ. ராத்திரியில கதவைச் சாத்திக்கிட்டு."

"வீட்டுலயா?"

"பின்ன? கடைக்குப் போய் உக்காருவியா? முன்னாடி வகிட்டுல ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைய விட்டுடு, பார்க்கிறவங்களுக்கு அது போதும். பின்னால இழுத்துக் கட்டினா உன் முதலாளிக்கும் உறுத்தாது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு, அக்கா?"

லோரிஸ் கோப்பையை வைக்கக் குனிந்தாள். தலையில் போட்டிருந்த கறுப்புத் துணி தோளுக்கு நழுவியது. ஓடெட்டின் கண் தானாகவே பின்னங்கழுத்துக்குப் போனது. ஆறு வருஷம் ஒரு தலைக்குச் சாயம் பூசிய கண் அது. வீட்டில் தானே பூசிக்கொள்பவளுக்குக் கை எட்டாத இடம் ஒன்று உண்டு, காதுக்குப் பின்னால், கழுத்து தொடங்குகிற மடிப்பில். அங்கே சாயம் படாத ஒரு கொத்து நரை. அதைச் சுற்றித் தோலில் பழுப்புக் கறை. மேலே எல்லாம் சீராகக் கறுப்பு. முன்னால் மட்டும் ஒரு விரல் அகல வெள்ளை, அளந்து விட்டது போல.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள் ஓடெட்.

"என்ன எப்போலேர்ந்து?"

"உங்க தலைக்கு எப்போலேர்ந்து பூசுறீங்க?"

லோரிஸ் துணியை இழுத்துப் போர்த்தினாள். "சத்தம் போடாதே. ரெண்டாவது மாசத்துலேர்ந்து. அதனால எங்க அம்மாமேல எனக்குப் பாசம் இல்லேன்னு ஆயிடுமா?"

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த நக்லே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

ஓடெட் அன்றைக்குப் பாத்திரம் துலக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செத்தவளுக்காக என்கிறார்கள். செத்தவள் பார்க்கப்போவதில்லை, உயிரோடு இருந்தபோதே தன் நரையைப் பார்க்கப் பொறுக்காதவள் அவள். சரி, ஊருக்காக என்றால், அந்த ஊர் யார்? கதவைச் சாத்திக்கொண்டு சாயம் பூசுகிறவர்கள்தானே ஊர்? ஒருத்தியும் நம்பாத ஒரு விதியை, பக்கத்து வீட்டுக்காரி நம்புகிறாள் என்று பயந்து எல்லாரும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையிலேயே காப்பாற்றிய முட்டாள் தான் ஒருத்தி மட்டும். ஏழு மாதம் தன்னைப் பார்த்து இவர்கள் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். இல்லை, சிரித்திருந்தால்கூட மன்னிக்கலாம். மெச்சியிருக்கிறார்கள்.

திருட்டுத்தனமாகப் பூசினால் அது திருட்டு என்று ஒப்புக்கொண்டதாகும். அவள் எதையும் திருடவில்லை. சனிக்கிழமை காலையில், தெரு நிறைய ஜனம் நடக்கிற நேரமாகப் பார்த்து, ஃபாதியின் கடைக்குப் போனாள்.

ஃபாதி அவளைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தான். "மதாம், கடவுள் அவங்களுக்கு இளைப்பாறுதல் கொடுக்கட்டும். வாங்க, வாங்க." பேசிக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்துக் கடையின் கோடிக்கு நடத்திப்போனான். அங்கே ஒரு தடித்த திரை. அதை விலக்கினான்.

உள்ளே ஜன்னல் இல்லாத சின்ன அறை. மூன்று நாற்காலிகள். இரண்டில் கறுப்பு உடைப் பெண்கள், தலை நிறையச் சாயக் குழம்போடு. ஒருத்தி ஓடெட்டைக் கண்டதும் பத்திரிகையை முகத்துக்குத் தூக்கினாள். இன்னொருத்தி துண்டால் மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"துக்கக்காரங்களுக்குன்னு தனியா வெச்சிருக்கேன்" என்றான் ஃபாதி, பெருமையாக. "ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. முன்னாடி கொஞ்சம் வெள்ளை விட்டுடலாமா, மதாம்?"

ஓடெட் திரும்பி நடந்தாள். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"மதாம், அங்க வேணாம்."

"இங்கதான். முழுசா."

"உங்க நாத்தனார் துக்கம் முடிஞ்சா வாராவாரம் வர்ற வாடிக்கை. என் பிழைப்பையும் பாருங்க."

"அவங்க தலை இப்போ வீட்டுச் சாயம்டா. உன்கிட்ட இனி சீவிக்க மட்டும்தான் வருவாங்க. பூசுறியா, இல்ல எதிர்க்கடைக்குப் போய் உன் திரைக்குப் பின்னாடி யார் யார் இருக்காங்கன்னு சொல்லட்டுமா?"

ஃபாதி கிண்ணத்தை எடுத்தான்.

குழம்பு தலை முழுக்க ஏறி முடிப்பதற்குள் தெருவில் நான்கு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருத்தி போகும்போதே கைப்பேசியைக் காதில் வைத்தாள். அதிக நேரம் ஆகவில்லை, லோரிஸ் கைப்பையை மார்போடு அணைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எழுந்திரு!"

"முடியாது அக்கா, தலையில சாயம்."

லோரிஸ் அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தாள். சொட்டிக்கொண்டிருந்த குழம்பையும் தன் பட்டுச் சட்டையையும் பார்த்து ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டாள். "எங்க அம்மா மண்ணுல இன்னும் முழுசா மக்கல! ஊரே பார்க்க இங்க வந்து உக்காந்திருக்கியே!"

"உங்க அம்மாவா? ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதுக்கு முந்தின நாள் என்னைப் பூசச் சொன்னாங்க. 'என்னை வெள்ளையா எவளும் பார்க்கக் கூடாது'ன்னாங்க. மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொன்னாங்க. பூசினேன். நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"மெதுவாப் பேசு!"

"மாட்டேன். மெதுவாப் பேசித்தான் எல்லாரும் கெட்டீங்க."

அப்போது திரைக்குப் பின்னால் ஒரு மணி அடித்தது. சாய நேரம் முடிந்ததைச் சொல்லும் சின்னக் கடிகார மணி. ஒருவரும் வெளியே வரவில்லை. ஃபாதி கையைப் பிசைந்தான். தலை கழுவும் தொட்டிகள் எல்லாம் கடையின் முன்பக்கத்தில் இருந்தன, உள்ளறைக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. மணி மறுபடியும் அடித்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம், அடக்கிய முனகல். தோல் எரியத் தொடங்கியிருக்க வேண்டும்.

திரை விலகியது. துண்டால் முகத்தை மூடியபடி வந்தவள் எங்கள் பங்குக் குருவின் மனைவி. எங்கள் சபையில் குருவுக்குக் குடும்பம் உண்டு, அவர் மனைவியைக் கூரியே என்று மரியாதையாக அழைப்போம். தம்பியைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தாள். குழம்பு அவள் காது வழியே வழிந்துகொண்டிருந்தது.

முடிந்தது, இனி லோரிஸால் வாயைத் திறக்க முடியாது என்று ஓடெட் நினைத்தாள்.

லோரிஸ் தன் கறுப்புத் துணியை அவிழ்த்து இரண்டு கையாலும் திரைபோலப் பிடித்துக் கூரியேயை மறைத்தாள். தோளை அணைத்துத் தொட்டிவரைக்கும் நடத்திப்போனாள். "பார்த்து வாங்க, கூரியே, தரை ஈரம்" என்றாள், குரல் தேனாக. தலையைச் சாய்த்து உட்கார வைத்து, ஃபாதியைத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, ஓடெட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"பார்த்தியா? இவங்களுக்கு வெக்கம்னு ஒண்ணு இருக்கு."

ஓடெட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பு சாயத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. பிடிபட்டவள் குற்றவாளி ஆகவில்லை. மறைக்காதவள்தான் ஆனாள்.

"கூரியே!" என்றாள், நாற்காலியிலிருந்தே, தெருவுக்கும் கேட்கும்படி. "நாப்பதாம் நாள் பூசையில என் தலையைத் தடவி, 'இந்த நரை உன் மகுடம், பொறுமையா இரு'ன்னீங்களே. நினைவிருக்கா?"

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நுரைக்குள் கிடந்தாள் கூரியே. "உம் ரோனி, கண்ணுல தண்ணி போகுதும்மா" என்றாள். "அப்புறம் பேசலாம்."

அந்த அப்புறம் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடெட் செம்பழுப்புத் தலையோடு உணவக வாசலில் நின்றாள். தூஃபிக் பார்த்துத் தலையாட்டினார். ஊர் நிறையச் சொன்னது. மாமியார் எப்போது போவாள் என்று காத்திருந்தவள் என்றது, வாசலில் நிற்கிறவளுக்கு வேறென்ன புத்தி வரும் என்றது. லோரிஸ் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். நக்லே அக்கா பக்கமும் சேரவில்லை, மனைவி பக்கமும் சேரவில்லை. மீசைக்கு மட்டும் தவறாமல் கறுப்பு அடித்துக்கொண்டான்.

வர்தேயின் வருஷப் பூசைக்குக் குடும்பம் முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஓடெட் வேலையிலிருந்து நேராக வந்தாள். அவளுக்கென்று இடம் விட்டிருக்கவில்லை. லோரிஸின் கைப்பையும் நக்லேயின் தொப்பியும் அங்கே உட்கார்ந்திருந்தன. பின்னால் நிறைய பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கோயில் முழுக்க அவள் எதில் உட்காரப்போகிறாள் என்று பார்த்தது.

நடு வழியே முன்னால்வரை நடந்து, புருஷனுக்கு நேரே நின்றாள்.

"நகரு."

நக்லே அக்காவைப் பார்த்தான். லோரிஸ் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகருன்னு சொன்னேன். ஆறு வருஷம் கழுவினவ நான்."

குரு தூபக் கலசத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார். நக்லே தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.