ஆள் மறையும் செடி

கேமரன் மலைக்குப் போன என் கணவர் அங்கே ஹோட்டல் வாசலில் பந்து பந்தாக வெட்டி வைத்திருந்த பாக்ஸ்வுட் செடியைப் பார்த்து மயங்கி, பத்துக் கன்றுகளை வாங்கி வந்து எங்கள் கம்பி வேலியோரம் நட்டார். எங்கள் ஊர் கரங்கானின் வெயிலையும் மழையையும் அந்தக் குளிர்மலைச் செடி எங்கே தாங்கும்? வேர் அழுகிச் செத்துப்போனது. நான் சரியாகத் தண்ணீர் ஊற்றவில்லையாம். பழி மட்டும் என் தலையில்.

மாமியார் பக்கவாதத்தில் படுத்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். கணவர் ஃபேக்டரிக்குப் போய்விட்டால், மாமியாரைத் தனியே விட்டுக் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போக முடியாது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கம்பி வேலியில் கையை ஊன்றிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார். அந்தப் பேச்சு இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

வேறு செடி வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் என்னையும் அழைத்துப் போனார். நாத்தனார் வந்து வீட்டில் இருந்தாள். நர்சரியில் நான் இட்லிப்பூவைக் காட்டினேன். இடுப்புயரத்துக்கு வெட்டி வைக்கலாம், சாமிக்குப் பூவும் ஆச்சு.

"ரோட்டுல போறவன் வர்றவன்லாம் உள்ள பார்க்கிறான்லா," என்றார் கணவர். கடைக்காரரிடம், "எப்பவும் பச்சையா, சீக்கிரம் வளர்றதா குடுங்கண்ணே. ஆள் மறையணும்."

"அவ்ளோ உயரம் வேணாங்க. எனக்கு மூச்சு முட்டும்."

"செடிக்குப் போயி யாருக்காச்சும் மூச்சு முட்டுமா?"

கடைக்காரரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் காரில் ஏறினேன். பின்னால், ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளரும் கெலாட் செடிக் கன்றுகள் ஏறின.

நல்ல செடிதான், குறை சொல்லக்கூடாது. தளிர் செக்கச்செவேலென்று வரும். நுனியை வெட்டிக் குட்டையாகவே வைத்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். அன்றைக்கே கணவர் கண்டுபிடித்துவிட்டார்.

"மேல கை வைக்காத. பக்கத்துல மட்டும் வெட்டு."

பக்கத்தில் வெட்ட வெட்ட அது இன்னும் அடைத்துக்கொண்டது. இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது.

முந்தாநாள் சாயங்காலம் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது.

"உள்ளதான் இருக்கியாம்மா?"

"இருக்கேன்கா. வேற எங்க போவப்போறேன்?"

"சரிம்மா, பார்க்கவே முடியலையே, அதான் கேட்டேன்."

இலைகளை விலக்கிப் பார்த்தேன். உள்ளேயும் இலைதான். "கொஞ்ச நேரம் நில்லுங்கக்கா, போயிடாதீங்க," என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்காவின் வீட்டுக் கேட் மூடும் சத்தம் கேட்டது.