நிஷாந்தியின் படத்துக்கு ஒரு மாலை

சர்மிளாவுக்கு எதையும் முறைப்படி செய்தாக வேண்டும். அவள் பறித்த தேயிலைக் கொழுந்தில் ஒரு முற்றல் இலைகூட இருக்காது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணியே சொல்வார். அவள் படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோனது. தங்கச்சி தனுஷிகா பல்கலைக்கழகம் போனதைக் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள்.

இப்போது அந்தத் தங்கச்சி, தேயிலைத் தோட்டங்களிலிருந்து வடக்கே வன்னிக்குப் போய் யுத்தத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, பிறந்த ஊரான அக்கரப்பத்தனைக்கே வந்திருந்தாள். பல வருஷம் கழித்து இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள்.

ஆனால் லயத்து வரிசை வீடுகளில் யாரும் வாய் திறக்கவில்லை. யுத்த காலத்தில் விசாரிக்க வந்தவர்களும் இப்படித்தான் அன்பாக உட்கார்ந்து கேட்டார்களாம். பின்னாலேயே ஆட்களை அள்ளிப்போக ஜீப் வந்ததாம். பேச்சு மழைக்கும் மரக்கறி விலைக்கும் தாவிவிடும். மிச்சம் இருந்தது மேல் லயத்துப் பேச்சியம்மா மட்டும்தான். அவள் மகள் நிஷாந்தி சர்மிளாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். வன்னிப் பக்கம் கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டாள். சண்டை முடிந்த வருஷத்திலிருந்து அவளைப் பற்றிச் சேதியே இல்லை. பேச்சியம்மாவும் பேசாவிட்டால் தனுஷிகா வெறுமனே திரும்ப வேண்டியதுதான்.

சர்மிளா தானே போய்ச் சம்மதம் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறி, நிஷாந்தியின் படத்துக்குப் போட நல்ல மாலையாகப் பார்த்து வாங்கினாள். இழவு கண்ட வீட்டுக்கு எப்படிக் கையை வீசிக்கொண்டு போவது?

அக்காவும் தங்கச்சியும் வாசலில் வந்து நிற்க, மாலையைக் கண்டதும் பேச்சியம்மா எழுந்துவிட்டாள். சுவரில் இருந்த நிஷாந்தியின் படத்தில் குங்குமம் இல்லை, முன்னால் விளக்கும் இல்லை.

"யாருக்கு இது?"

சர்மிளா மாலையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கருமாதி செய்யாத வீடு இது. ஒன் தங்கச்சி செத்தவங்களத்தான் எழுத வந்தாளா?"

"அவங்க இருக்காங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க அத்த," என்றாள் தனுஷிகா. "தெரியாதுன்னுதான் எழுதுவேன்."

"வருவான்னு எழுத மாட்டியோ?"

"எப்படிங்க எழுத முடியும்? நீங்க வழி பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு எழுதுவேன்."

பேச்சியம்மா தனுஷிகா உட்கார ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள். பிறகு மாலையை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள். சர்மிளா திரும்பி வந்தபோது பேச்சியம்மா பேசத் தொடங்கியிருந்தாள். யுத்தத்தைப் பற்றியல்ல; மகள் பள்ளிக்கூடம் விட்டு நனைந்து வருவதைப் பற்றி, அடுப்படியில் தலை உலர்த்துவதைப் பற்றி. தனுஷிகா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. பேச்சியம்மாவின் கண்ணோ சர்மிளாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"ஒனக்கு நரை விழுந்துருச்சே, சர்மி. அவளுக்கும் விழுந்திருக்கும்ல?"

"விழுந்திருக்கும், அத்த," என்றாள் சர்மிளா.