அடங்காத நுரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் சாரை சாரையாகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. பாஸ்போர்ட் சைஸ் படம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் கடைக்குப் போய்விடுவேன். படங்களை வெட்டி உறையில் போடுவது என் வேலை. வருகிறவர் முகத்தைப் பார்த்து, இவர் சொல்வது நிஜமா பொய்யா என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதுவது நானாக எடுத்துக்கொண்ட வேலை. யாரையும் சட்டென்று நம்புகிற ஜென்மம் இல்லை நான்.

அப்போது எனக்கு ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர். மாப்பிள்ளைக்கு துபாயில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை, லீவில் வந்திருந்தார். அவர் வீட்டுப் பெண்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கும் வழக்கம் எங்கள் ஜமாத்தில் கிடையாது. நான் மட்டும் அவருடைய போட்டோவை வைத்துக்கொண்டு தினமும் ஆராய்ச்சி செய்தேன். சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர் மாதிரியே அவர் தெரியவில்லை. அப்படி வேலை பார்ப்பவர் எப்படித் தெரிவார் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான், வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல்காரர்கள் மெனு கார்டுக்குப் படம் எடுக்க அண்ணனைக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. கடைசியில் ஒரு கிளாஸ் பீர். நுரை பொங்கி விளிம்புக்கு மேல் நிற்க வேண்டுமாம். சர்வர் ஊற்றி வைப்பார். அண்ணன் விளக்கைச் சரிசெய்து, ஃபோகஸ் பார்த்து நிமிர்வதற்குள் நுரை அடங்கிவிடும். எத்தனை தடவை ஊற்றினாலும் இதே கதை. கடைக்கு பீர் கொண்டுவந்து நிதானமாக எடுக்க அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை.

வழி சொன்னது நான்தான். கடையிலேயே பால் சேர்க்காத டீயை லேசாகக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து ஊற்றினேன். நிறம் அச்சு அசல். பட்டுப்புடவை அலசுகிற பூந்திக்கொட்டையை ஊறவைத்து மத்தால் கடைந்து, வந்த நுரையைக் கரண்டியால் எடுத்து மேலே வைத்தேன். கிளாஸுக்கு வெளியே கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்ததும் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி முத்து முத்தாக நின்றது. ஹோட்டலில் கழுவிக் கொடுத்த காலி பாட்டிலைப் பக்கத்தில் வைத்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸலாம் சொல்லும் குரல். மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமாவும்! விசா வேலைக்குப் படம் தேவைப்பட்டிருக்கிறது. சம்பந்தி கடை இருக்கும்போது வேறு எங்கே போவது என்று வந்துவிட்டார்கள். நான் பாய்ந்து டார்க் ரூம் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கிளாஸை மறைக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாமாவின் பார்வை நேராக அதில்தான் விழுந்தது.

"என்ன தம்பி இது?"

"டீங்க மாமா."

"டீயா? பாட்டில்லயா வருது?"

"போட்டோவுக்காகச் செஞ்சதுங்க. வேணும்னா மோந்து பாருங்க."

"ஹராமைக் கிட்டப் போயி மோந்து வேற பாக்கணுமா நான்? டீதானே? நீங்க குடிச்சுக் காட்டுங்க."

அண்ணன் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டு, தயங்கித் திரும்ப வைத்துவிட்டார். பூந்திக்கொட்டைத் தண்ணீர் குடலைப் புரட்டிவிடும். "மேல இருக்கிறது பூந்திக்கொட்டைங்க, குடிக்க முடியாது" என்றார்.

"முதல்ல டீங்கிறீங்க. அப்புறம் பூந்திக்கொட்டைங்கிறீங்க."

திரை இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பீர் நுரை இவ்வளவு நேரம் நிற்காது என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். நான் வெளியே போய்ச் சொன்னால், பாட்டில் வைத்திருக்கும் இடத்தில் பெண்ணும் இருந்தாள் என்று ஊரெல்லாம் பேச்சாகும். மாமா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "வாடா போவோம். இந்த வீட்டுல பொண்ணு எடுக்க வேணாம்."

மாப்பிள்ளை நகரவில்லை. வந்ததிலிருந்து அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இவர் சொல்றது உண்மை. இது பீர் இல்ல. நாம வந்து எவ்வளவு நேரமாச்சு, நுரை அப்படியே நிக்குது பாருங்க. பீரா இருந்தா இந்நேரம் அடங்கிப்போயிருக்கும்."

"அது உனக்கு எப்படிடா தெரியும்?"

டி.வி.யில் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானே அவருக்காக அந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கிளாஸிலிருந்து பார்வையை எடுத்து மாமாவை நேராகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் சூப்பர் மார்க்கெட்ல இல்ல மாமா. ஹோட்டல் பார்ல கிளாஸ் தூக்குறேன். ஏஜென்ட் சொன்னது ஒண்ணு, அங்க கொண்டுபோய் விட்டது ஒண்ணு. தினமும் கையில தூக்குறேன். வாயில வச்சதில்ல."

மாமா போட்டோ எடுக்கிற ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மாவுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. மாப்பிள்ளை இல்லை என்று தலையாட்டினார்.

இப்போது சந்தேகப்படுவது எங்கள் முறையாகிவிட்டது. அண்ணனின் முகம் கறுத்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தேன்.

"இன்னும் எதையெல்லாம் மறைச்சு வச்சிருக்கீங்க?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "இது ஒண்ணுதாங்க. இதைக் கேட்டுட்டு நீங்க வேணாம்னு சொன்னா நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா செய்யாத தப்புக்கு உங்க அண்ணன் தலைகுனிஞ்சு நிக்கிறாரே, அதைப் பார்த்துக்கிட்டுப் போக முடியல."

மனசு இளகியதென்னவோ நிஜம். ஆனாலும் என் புத்தி என்னை விடவில்லை. துபாயில் இருந்த அண்ணனின் சிநேகிதர் ஒருவரை விட்டு விசாரிக்கச் சொன்னேன். மாப்பிள்ளை சொன்னது போலவே பார்தான், அதே வேலைதான், குடிப்பழக்கம் இல்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் சம்மதம் சொன்னேன். ஒரு வருஷத்துக்குள் அவர் வேறு வேலைக்கு மாறினார். நிக்காஹ்வை முன்னால் நின்று நடத்தியவர் அந்த மாமாதான். பார் விஷயத்தைப் பற்றி இன்றுவரை அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

எனக்கு இன்னமும் யாரையும் லேசில் நம்ப வராது. ஆனால், தன் கல்யாணமே போனாலும் போகட்டும் என்று, அதற்கு முன் பேசிக்கூடப் பழகாத ஒருவரின் மானத்துக்காக அன்றைக்கு வாய் திறந்தாரே, அந்த மனிதரிடம் மட்டும், "எங்கே போயிட்டு வர்றீங்க" என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.