ஒன்றாம் நம்பர் பெட்டி

எங்கள் வீடு மாற்றும் கம்பெனி ஆரம்பித்தபோது எங்களுக்குச் சொந்த லாரி கிடையாது. தி.நகரில் ஒரு சின்ன வாடகை அறை, பக்கத்து மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுக்கும் போன், ஜவுளிக் கடைகளில் வாங்கிய காலி அட்டைப் பெட்டிகள், அவ்வளவுதான் கம்பெனி. என் கணவர் பார்சல் ஆபீஸ் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. விடுங்கள், விடுங்கள் என்று நச்சரித்தவள் நான்தான். விட்ட பிறகு பயந்து செத்தவளும் நான்தான். அவர் பாட்டுக்கு நிம்மதியாகக் குறட்டை விடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

முதல் முழு வீடு மயிலாப்பூர் மாட வீதியில் கிடைத்தது. கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அம்மா, பெசன்ட் நகரில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போகிறார். அவருடைய தம்பி ஒரு பெரிய ஆபீஸில் இருந்தார். அங்கே மாற்றலாகிப் போகிறவர்களின் வீட்டுச் சாமானை யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்பவர் அவர்தானாம். "நன்னா பண்ணிக் குடுத்தேள்னா அவன்கிட்ட சொல்றேன்" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "புதன்கிழமை பன்னண்டுக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள பால் காய்ச்சியாகணும். விளக்கும் பாலும் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு துரும்பு வாசப்படி தாண்டப்படாது. அடுப்பும் எங்காத்து அடுப்பாத்தான் இருக்கணும்."

கேஸ் இணைப்பு மாறி வர நாளாகும் என்பதால் திரி ஸ்டவ் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார். அதையும், விளக்கு, உப்பு, மஞ்சள், பால் பாத்திரம், தீப்பெட்டியையும் ஒரே பெட்டியில் அடுக்கி, மேலே பட்டை அடித்தாற்போல் 1 என்று எழுதினேன். மற்றதற்கெல்லாம் முக்கியத்துவப்படி நாற்பத்தொன்று வரை நம்பர். என் கணவர் உள்ளே கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாடகை லாரியோடு வந்திருந்த லோடுமேன்களிடம் நானே பெரிய மனுஷியாகப் போய், "ஒண்ணுலேருந்து வரிசையா ஏத்துங்கண்ணே, ஒண்ணாம் நம்பர் மட்டும் விட்டுடாதீங்க" என்றேன். அவர்களும் வரிசை தப்பாமல் ஏற்றினார்கள்.

லாரி அடையாறு பாலத்தில் ஏறும்போது மணி பதினொன்று. டிரைவருக்கும் என் கணவருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஏதோ உருண்டது. என்னவாக இருக்கும் என்று ஏற்றிய வரிசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் பீரோ. அதற்கு முன் கட்டில். அதற்கு முன் நாற்பத்தொன்று. அப்படியானால் ஒன்றாம் நம்பர் எங்கே?

அது லாரியின் அடியாழத்தில், என் முதுகுக்கு நேர் பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மொத்த வீட்டையும் இறக்கினால்தான் வெளியே வரும். இறக்கியதில் ஒன்றைக்கூட அதற்கு முன் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

"என்னங்க" என்றேன்.

"என்ன, வாந்தி வருதா?"

"இல்ல" என்றேன். ஒவ்வொரு சிக்னலிலும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சிக்னல் விழுந்ததே தவிர வாய் திறக்கவில்லை.

பெசன்ட் நகரில் லோடுமேன் மேஸ்திரி லாரியின் பின்கதவைத் திறந்தார். "இன்னாமா, ஒண்ணாம் நம்பரு உள்ளார கடைசில கீது! நீதான அத்த மொதல்ல ஏத்த சொன்னே?"

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டையைக் கழற்றி லாரிக் கதவில் போட்டுவிட்டு ஏறினார். "எல்லாத்தையும் தெருவுல இறக்குங்க."

மணி பதினொன்று இருபது. பீரோ, கட்டில், ஊறுகாய் ஜாடி, பழைய தலையணை எல்லாம் நடுத்தெருவில் வெயில் காய்ந்தன. எதிர் ஃபிளாட்காரர்கள் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். முன்னாடியே ஆட்டோவில் வந்து காத்திருந்த அந்த அம்மா பால் பாக்கெட்டும் கையுமாகக் கீழே ஓடி வந்தார்.

"ஐயோ, எங்காத்து சாமானை இப்படிக் கடை பரப்பிட்டேளே! யார் இப்படி ஏத்தச் சொன்னது?"

"நான்தாம்மா. என் தப்புதான்" என்றார் என் கணவர், மூச்சு வாங்க.

என் கையெழுத்து போட்ட பெட்டிகள் தெரு முழுக்கக் கிடந்தன. நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் தம்பியின் ஆபீஸ் ஆர்டர் போய்விடும் என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு. இனிமேல் போவதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது என்று தெரியவில்லை.

பெட்டி வெளியே வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி ஓடினேன். அவசரத்தில் மூன்று தீக்குச்சி அணைந்தது. அந்த அம்மா ஒரே ஒரு டம்ளர் பாலை ஊற்றிவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பால் பொங்கி வழிந்தது. நான் கூச்சமில்லாமல் அழுதுவிட்டேன்.

அந்த அம்மா பாலில் சர்க்கரை போட்டு முதல் வாயை எனக்குத்தான் கொடுத்தார். கோபம் ஆறியிருந்தது.

"பாவம், என்னமா ஓடி வந்தே! நீ கெட்டிக்காரிம்மா. உங்காத்துக்காரருக்குத்தான் இந்தத் தொழில் சரிப்படாது. இவரை நம்பி தம்பிகிட்ட நான் எப்படிச் சொல்றது? பேசாம பழைய வேலைக்கே போகச் சொல்லு."

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். அவர் பீரோவின் ஒரு முனையை முதுகில் வாங்கிக்கொண்டு படியைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"சரிம்மா, சொல்றேன்" என்றேன்.