பூட்டிய வீட்டுக்குள் காய்ச்சல்

நொச்சி இலையும் மஞ்சளும் கொதிக்கிற வாசனை தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று அப்பா பழைய வேட்டியைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளில் செருகிவைத்தார். கொரோனாக் காலம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புழுக்கம்தான். நான் அப்போது எட்டாம் வகுப்பு. மேலகரத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தொற்று. மாத்திரை கொடுத்த தென்காசி டாக்டர், வெளியே போகாமல் வீட்டிலேயே இருக்கச் சொன்னார். அப்பா முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, "சுரண்டைக்குப் போயிருக்கோம்னு நினைச்சுக்கிடட்டும். சத்தம் காட்டாதிய" என்றார்.

அவர் ஒளிந்ததற்குக் காரணம் இருந்தது. குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜரான அப்பாவின் பேச்சுக்குத் தெருவில் மதிப்பு உண்டு. முந்தின மாதம் அடுத்த வீட்டு மைமூன் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் "அது" வந்தபோது, அவர்கள் வாசலை மறித்துத் தகரம் அடிக்கச் சொல்லி முன்னால் நின்றவர் அவர்தான். பால்காரரை அந்தப் பக்கம் போகவிடாமல் தடுத்தவரும் அவர்தான். அக்காவின் கணவர் துபாயில் இருந்தார். பிள்ளைகள் கடுங்காப்பியோடு கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

நாங்கள் டிவி போடாமல், இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைத்து இருந்தோம். எனக்கும் அப்பாவுக்கும் காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு மட்டும் இருமல் கூடிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம் ஏதோ பேச வாயெடுத்தவள் பாதி வார்த்தையில் மூச்சு வாங்கிச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கப்பா" என்றேன்.

அப்பா போனை எடுத்தார். தெருப்பக்க ஜன்னலைப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவருக்காக உடம்பெல்லாம் கூசியது.

அப்போது பின்கதவை யாரோ தட்டினார்கள். "நான் மைமூன். கதவத் தெறங்க அண்ணாச்சி. மதினி இருமுதது எங்க அடுக்களை வரைக்கும் கேக்கு."

அப்பா உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"நீங்க உள்ள இருக்கது தெருவுக்கே தெரியும். தண்ணி மோட்டார் ஓடுதுல்லா."

நான்தான் கதவைத் திறந்தேன். அக்கா விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியை அம்மாவுக்கு மாட்டிவிட்டு, "எங்களுக்கு வந்தப்ப வாங்குனது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எண் குறைவாக இருந்தது. டாக்டரிடம் போனில் அவளே பேசினாள். குப்புறப் படுக்கவையுங்கள், இன்னும் இறங்கினால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் அவர். அக்காவின் தம்பி ஆட்டோவை எங்கள் முன்வாசலில் நிறுத்தினார். தெரு பார்த்துக்கொண்டிருக்க அப்பா பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பூட்டைத் திறந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆட்டோ தேவைப்படவில்லை. சாயங்காலத்துக்குள் எண் ஏறியது. அம்மா எழுந்து நடமாடும்வரை பின்சுவருக்கு மேலே கஞ்சி வந்துகொண்டிருந்தது. முதல் நாள் அப்பா அதைத் தொடவில்லை. "எனக்கு எறங்காதுலே" என்று என் பக்கம் தள்ளிவைத்தார்.

இப்போது யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தகரங்கள் போன இடம் தெரியவில்லை. மைமூன் அக்காவும் பிள்ளைகளோடு துபாய்க்கே போய்விட்டாள். அவள் கிளம்பிய அன்று பெட்டிகளையெல்லாம் அப்பாவே தூக்கிக் காரில் வைத்துவிட்டு, ஏதோ சொல்வதற்காகக் கதவருகே நின்றார். "மதினியப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று அவள் முந்திக்கொண்டாள். அன்றைக்கு அவளிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பை அப்பா இன்றுவரை அம்மாவிடமும் கேட்கவில்லை.