டம்ளருக்கு எத்தனை கிராம்

பினாங்குக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது அடுக்களை மேடைத் தராசு. பக்கத்து வீட்டுச் சாந்தி அக்கா அதைத் திம்பாங் என்பார். உப்புமாவுக்கு ரவையைக்கூட அதில் நிறுத்துத்தான் போடுவார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் அடிக்கடி ‘லா’ ஒட்டிக்கொள்ளும். பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அளவென்றால் ஒரு எவர்சில்வர் டம்ளர்தான். அதைப் புடவைகளுக்கு நடுவே வைத்து பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் கெலுகோர் வரை கொண்டுவந்திருந்தேன். நகைக்கடையா நடத்துகிறீர்கள் என்று அக்காவைக் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார். ஊரிலிருந்து வந்தவள் என்கிற தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது.

அக்காவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீடு கெப்பாலா பத்தாஸ். வரிசைத் தட்டில் தன் கையால் சுட்ட அதிரசம் இருக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அளவு பார்க்க ஒரு பழைய நோட்டை எடுத்தார். நான் விடவில்லை. அதெல்லாம் எதற்கு, அசல் ஊர் அளவு நான் தருகிறேன் என்றேன். நான் அதுவரை அதிரசம் சுட்டதே இல்லை. அம்மா சுடும்போது அடுப்படியில் நின்று தின்றதோடு சரி.

அம்மாவிடம் போனில் கேட்டேன். நாலு டம்ளர் மாவுக்கு ரெண்டு டம்ளர் வெல்லம், அழுத்தி அள என்றாள். அந்த டம்ளரில் இருநூறு மில்லி பால் பிடிக்கும். அப்படியானால் எதை அளந்தாலும் இருநூறு கிராம் என்று முடிவு கட்டி, எண்ணூறு கிராம் மாவு, நானூறு கிராம் வெல்லம் என அக்காவுக்கு எழுதி அனுப்பினேன். மாவு சேரவே மாட்டேன் என்கிறதே என்று அவர் வந்து கேட்டபோது, இந்த ஊர் அரிசி அப்படித்தான் என்று கூசாமல் சொன்னேன்.

நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் சம்பந்தியம்மா ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தார். பல் இறங்கவில்லை. இலையின் ஓரத்தில் வைத்துவிட்டார். அவர் பக்கத்தில் இருந்த ஒரு பெண், யார் செய்தது என்று கேட்டாள். கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் செஞ்சேன் லா. கைப்பக்குவம் சரியில்ல" என்றார் அக்கா. நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாழை இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மறுநாள் மதியம் அக்காவிடம் தராசை இரவல் வாங்கி வந்தேன். எதற்கென்று சொல்லவில்லை. டம்ளர் நிறைய மாவு, நூற்றிருபது கிராம். அதே டம்ளரில் அழுத்திய வெல்லம், நூற்றெண்பது. டம்ளர் ஒன்றானாலும் எடை ஒன்றல்ல; நான் எழுதியதில் வெல்லம் குறைந்துபோயிருந்தது. அம்மாவின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, தப்பு என்னுடையது, அரிசியின் மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொன்னேன்.

அக்கா கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். அவருடைய அம்மா பென்சிலால் எழுதியது: மாவு ஒரு கிலோ, வெல்லம் முக்கால் கிலோ.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான். நீ ஊர்ல இருந்து வந்தவ, ஒனக்குத் தெரியாததானு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு டம்ளர் மாவு நானூற்றெண்பது கிராம், ரெண்டு டம்ளர் வெல்லம் முந்நூற்றறுபது. அதுவும் ஒன்றுக்கு முக்கால்தான். கும்பகோணத்தில் டம்ளரால் அளந்த என் அம்மாவும், பினாங்கில் தராசில் நிறுத்த அக்காவின் அம்மாவும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே அளவைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று கெடுத்தவள் நான்.