அத்தான் சேமித்து வைத்த முட்டி

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் தேயாத பொருளே கிடையாது என்று நம்புகிறவர். புதுச் செருப்பை வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பார். அது அங்கேயே பொடிந்து போனதும் கடைக்காரரைத் திட்டுவார். அக்கா அப்போது வாயைத் திறக்கமாட்டாள். திறந்தால் மூடமாட்டாள் என்பது இருவருக்குமே தெரியும்.

காலமெல்லாம் லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு வேலை பார்த்ததில் அவருடைய வலது முட்டி பாழாய்ப் போய், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தார்கள். எத்தனை வருஷம் வரும் என்று டாக்டரைக் கேட்டார்.

"பதினஞ்சு, இருபது வருஷம்கூட வரலாம். நீங்க வச்சுக்கறதப் பொறுத்தது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து முட்டிக்கு ராஜமரியாதைதான். வீட்டில் காலை நீட்டி வைக்க அதற்கென்றே ஒரு ஸ்டூல். தெருமுனைக்குப் போவதானாலும் ஸ்கூட்டர். மாடிப்படி என்றால் ஜென்மப் பகை.

"வலிக்குதா அத்தான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சேச்சே, பிரமாதமா இருக்கு."

"அப்ப நடக்க வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கறத ஏன் மாப்ளே கெடுக்கணும்?"

இதில் மாட்டிக்கொண்டவர் அவருடைய அண்ணன். பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கின் அண்ணனுக்கு வாய்த்த வீட்டில் லிஃப்ட் கிடையாது! இதயம் பலவீனமான பிறகு அண்ணன் கீழே இறங்குவதில்லை. புது முட்டி வந்த பிறகு தம்பி மேலே ஏறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தான் தெருவில் நின்று அண்ணாந்து கத்துவார். அண்ணன் பால்கனியிலிருந்து பதிலுக்குக் கத்துவார். மலச்சிக்கலிலிருந்து மருமகள் வரை ஒன்றும் பாக்கி இருக்காது. எதிர் சலூன்காரர் இடையிடையே சந்தேகம் கேட்பார். வாங்கிவரும் பழம் மேலே போவதற்கு அத்தான் ஆள் அனுப்பிப் பால்கனியில் கப்பி மாட்டி, கயிற்றில் ஒரு கூடையும் தொங்கவிட்டிருந்தார். வேலை சுத்தம், கூடை ஆடாமல் போகும்.

போன மழைக்காலத்தில் அண்ணனுக்கு மூச்சு குறைந்து, குரலும் இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பால்கனியில் அவர் வாய் அசைந்தது. கீழே ஒன்றும் கேட்கவில்லை. "என்ன? என்னண்ணா?" என்று அத்தான் கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணி எட்டிப் பார்த்தார்.

"உங்கள மேல வரச் சொல்றாரு தம்பி! பக்கத்துல பார்க்கணுமாம்!"

அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. நாலு படிகூட ஏற முடியாமல் திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"முட்டி முடிஞ்சுபோச்சு மாப்ளே. அண்ணன இனிமே எப்படிப் பார்ப்பேன்?"

அவரைக் கிண்டல் செய்யாமல் நான் இருந்த ஒரே நாள் அதுதான்.

அக்காவும் நானும் அவரை அழைத்துப்போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார்.

"உலோகம் எலும்ப நல்லாப் பிடிச்சிருக்கு. நடுவுல இருக்கற பிளாஸ்டிக்கும் பெரிசாத் தேயல."

அத்தான் அக்காவைப் பெருமையாகப் பார்த்தார்.

"கை ஊனாம நாற்காலிய விட்டு எழுந்திரிங்க, பார்க்கலாம்."

எழுந்திருக்க முடியவில்லை.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல. அதத் தூக்கற தொடைதான் கரைஞ்சுபோச்சு. ஓடாதீங்க, குதிக்காதீங்கன்னு சொல்லியிருப்போம். நடக்காதீங்கன்னா சொன்னோம்?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"ஓடாம நிக்கற லிஃப்ட்தான் முதல்ல கெடும்னு எத்தன வீட்டுக்காரங்களத் திட்டியிருக்கீங்க! அந்த வாய வீட்டுக்குக் கொண்டுவர மறந்துட்டீங்களாக்கும்?"

டாக்டர் எக்ஸ்ரே பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருக்க வேண்டும்.

அடுத்த சில வாரங்கள் அக்காவின் ஆட்சி. நாற்காலியில் உட்கார், எழு. காலை நீட்டு, மடக்கு. எண்ணுகிற வேலை அவளுடையது. பாதியில் எண் மறந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அத்தான் முனகினாரே தவிர நிறுத்தவில்லை. "அண்ணன் இருக்கறப்பவே ஏறிடணும்டா" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினார். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, மோட்டார் சத்தம் கேட்பதுபோல் முட்டியை உற்றுக் கேட்டார். அது ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாடியில் அண்ணி கதவைத் திறந்தார். அண்ணன் பால்கனி ஓரம் நாற்காலியில் இருந்தார். கூடை அவர் காலடியில் கிடந்தது.

அண்ணன் கையை நீட்டித் தம்பியின் தலையைத் தடவினார்.

"முழுசா நரைச்சுட்டியேடா. கீழேருந்து தெரியல."

குரல் காற்றாகத்தான் வந்தது. அத்தான் குனிந்து காதைக் கொடுத்தார்.

"இந்தக் குரல் இன்னும் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாம்."

அத்தான் குழந்தையைப்போல அழுதார். அவர் காலை நீட்டிக்கொள்ள அண்ணி அவசரமாக ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அத்தான் அதைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் உட்கார்ந்து, அண்ணனின் முட்டியோடு தன் முட்டியை ஒட்டி வைத்துக்கொண்டார்.